கண் உலர்வும் ஸ்கிளீரல் லென்ஸும்

நம் சங்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய உறுப்பினர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி இவற்றுக்கு அடுத்தபடியாக இப்போது கண்ணைப் பற்றித்தான் பேச்சு. "மண் விழுந்தாற்போல உறுத்துது", "சாயங்காலம் ஆனா பில் எழுத்து கலங்கலாத் தெரியுது", "காலையில எழுந்தா இமை ஒட்டிக்கிடுது" என்கிறார்கள். கண்புரை என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் சிலரை, புரை இல்லை, கண் உலர்ந்து போயிருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறார்கள். இது என்ன வியாதி, சொட்டு மருந்துக்குக் கேட்காத அளவுக்கு முற்றிவிட்டால் என்ன வழி என்பதை எழுதும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். நம் வீட்டிலேயே இந்த வியாதியோடு சில வருடங்கள் மல்லுக்கட்டியிருப்பதால், கேட்டறிந்ததோடு பார்த்ததையும் சேர்த்து எழுத முடிகிறது. நாம் வத்தல், மல்லி மொத்த வியாபாரியே தவிர டாக்டர் அல்ல. இதை வைத்துக்கொண்டு யாரும் தாமாக வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் மூன்று சரக்கு கலந்திருக்கிறது. கருவிழியை ஒட்டினாற்போல வழவழப்பான ஒரு பசை. அதற்கு மேல் நீர். எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம். இந்த எண்ணெய், இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் நுண்ணிய சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஊறுகாய் ஜாடியில் மேலே எண்ணெய் மிதக்க விடுகிறோமே, அதே வேலைதான். காற்றுப் பட்டு உள்ளே இருப்பது காய்ந்துவிடாமல் மூடி வைக்கிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்த மூன்றும் கண் முழுக்கப் புதிதாகப் பூசப்படுகின்றன. நீர் குறைந்தாலும் கண் உலரும். நீர் இருந்து எண்ணெய் குறைந்தாலும் ஆவியாகி உலரும். இரண்டாவது வகைதான் ஜனங்களிடம் அதிகம்.

"எனக்குக் கண்ணிலிருந்து தண்ணி கொட்டுதே, அது எப்படி உலர்வு ஆகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கண் காய்ந்து எரிச்சல் எடுக்கும்போது, அந்த எரிச்சலைத் தணிக்க உடம்பு ஒரேயடியாகத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் பசையும் எண்ணெயும் சரியான அளவில் சேராத தண்ணீர். கண்ணில் நிற்காமல் கன்னத்தில் வழிந்து போய்விடும். ஆகவே நீர் வடிகிறது என்பதால் உலர்வு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். கல்லாவில் உட்கார்ந்தவர் முகத்துக்கு நேராக மேசை விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் சிட்டையில் எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்க வேண்டியதாயிற்று. திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது என்கிறார்கள். போதாததற்குக் குடோன் தூசி, மாவு, மஞ்சள், வத்தல் நெடி. சர்க்கரை வியாதி, அறுபதை நெருங்கிய வயது, பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பருவம், தும்மலுக்கும் அரிப்புக்கும் தினமும் போடும் சில மாத்திரைகள் ஆகியவையும் கண்ணீரைக் குறைக்கக் கூடியவை.

பெரும்பாலானவர்களுக்குச் சிறிய மாற்றங்களே போதும். விசிறியை முகத்திலிருந்து திருப்பி வைப்பது, திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கி வைப்பது, வேண்டுமென்றே அடிக்கடி முழுசாக இமைப்பது, வெதுவெதுப்பான துணியை மூடிய இமை மேல் ஐந்து பத்து நிமிஷம் ஒத்தடம் கொடுத்து உறைந்த எண்ணெயை இளக வைப்பது. இவற்றோடு டாக்டர் எழுதிக் கொடுக்கும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. இதில் ஒரு விஷயம். பாட்டில் கெடாமலிருக்கச் சில சொட்டு மருந்துகளில் பதப்படுத்தும் மருந்து கலந்திருப்பார்கள். நாளைக்கு மூன்று, நாலு தடவை விட்டால் பரவாயில்லை. எட்டுத் தடவை, பத்துத் தடவை விடுகிறவர்களுக்கு அந்தப் பதப்படுத்தும் மருந்தே கருவிழியின் மேல்தோலைப் புண்ணாக்கும். அப்படிப்பட்டவர்கள் அது கலக்காத சொட்டு எதுவென்று டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

அதைவிட ஆபத்தானது, பக்கத்து மருந்துக்கடையில் "கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்கி விடுவது. அப்படிக் கிடைப்பதில் ஸ்டீராய்டு கலந்த சொட்டும் இருக்கும். இரண்டே நாளில் கண் வெள்ளையாகிவிடும், பேஷான மருந்து என்று தோன்றும். மாதக்கணக்கில் விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெடும். புரையும் சீக்கிரம் வரும். அழுத்தத்தால் போன பார்வை திரும்பி வராது. ஸ்டீராய்டே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. டாக்டரே சில வாரங்களுக்கு எழுதிக் கொடுப்பதுண்டு. நடுவில் அழுத்தத்தை அளந்து பார்ப்பார். அந்த அளவெடுப்பு இல்லாமல் விடுவதுதான் தவறு.

இனி முற்றிய உலர்வுக்கு வருவோம். நம் துணைவியாருக்குப் பன்னிரண்டு வருடங்களாக முடக்குவாதம் உண்டு. அதன் கூடவே வாய் வறட்சி ஆரம்பித்தது. முறுக்குச் சாப்பிட வேண்டுமானால் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வேண்டும். பிறகு கண். இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரித்தாலும் ஒரு சொட்டு நீர் வராது. வீட்டிலிருந்தவர்கள் முதலில் அதை ஒரு சாமர்த்தியமாகவே நினைத்தார்கள். அவருடைய சொந்த அண்ணன் இறந்துபோனபோது எல்லோரும் அழ, இவர் கண்ணில் நீர் வரவில்லை. உள்ளே எவ்வளவு துக்கம் இருந்தது என்பது நமக்குத் தெரியும். பந்தலில் பேசியவர்களுக்குத் தெரியவில்லை, கல்நெஞ்சக்காரி என்றார்கள்.

இதற்கு ஷோகிரன் நோய் என்று பெயர். ஹென்ரிக் ஷோகிரன் என்ற ஸ்வீடன் நாட்டுக் கண் டாக்டர் 1933-ல் இதைப் பற்றி விரிவாக எழுதியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி, எதிரியை விட்டுவிட்டுத் தன் சொந்தக் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையுமே தாக்குகிறது. பெண்களுக்கே மிக அதிகம். தனியாகவும் வரும், முடக்குவாதத்தோடு சேர்ந்தும் வரும். ஆகையால் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் பெண்மணிகள் வாயும் கண்ணும் வறள்வதாகச் சொன்னால், வயசாச்சு என்று வீட்டார் தட்டிக்கழிக்கக் கூடாது.

எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்று பார்க்க எளிய பரீட்சை ஒன்று இருக்கிறது. ஒட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் டாக்டர் 1903-ல் சொன்னது, இன்றைக்கும் நடக்கிறது. மை ஒற்றும் தாள் போன்ற ஒரு சின்னப் பட்டையைக் கீழ் இமையில் மாட்டிவிட்டு ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். நல்ல கண்ணில் பத்துப் பதினைந்து மில்லிமீட்டருக்கு மேல் ஈரம் ஏறும். ஐந்துக்குக் கீழே என்றால் கடுமையான உலர்வு. நம் துணைவியாருக்கு வலது கண்ணில் 2, இடது கண்ணில் 3. இன்னொரு பரீட்சையில் மஞ்சள் சாயம் ஒன்றை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். கருவிழி முழுக்க ஊசியால் குத்தினாற்போலப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தோல் உரிந்த இடம். இப்படியே போனால் புண்ணாகித் தழும்பு விழும், தழும்பு விழுந்த இடத்தில் பார்வை மங்கும் என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில் அவர் பேப்பர் படிப்பதை நிறுத்தி, வெளிச்சத்துக்குப் பயந்து ஜன்னலை மூடிக்கொண்டு, முப்பது வருடமாகப் பார்த்துவந்த பேரேட்டையும் நம்மிடமே கொடுத்துவிட்டிருந்தார்.

வைத்தியம் படிப்படியாகத்தான் போகிறது. அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு. கண்ணீர் மூக்குக்குள் வடியும் துவாரத்தை ஒரு நுண்ணிய அடைப்பான் வைத்து மூடி, இருக்கிற கொஞ்ச நீரைக் கண்ணிலேயே நிறுத்துவது. நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, அதிலிருந்து தெளிந்த நீரைப் பிரித்துச் சொட்டாக விடுவது. உலக நாடுகளின் கண் வல்லுநர்கள் கூடி 2017-ல் வெளியிட்ட உலர் கண் அறிக்கையில், ஆரம்ப வைத்தியங்கள் பலிக்காதபோது அடுத்த படிகளில் ஒன்றாக ஸ்கிளீரல் லென்ஸ் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே கொஞ்சம் உறுத்துகிறது என்று போகிறவர் எடுத்த எடுப்பில் கேட்டு வாங்க வேண்டிய சாமான் அல்ல இது.

"காய்ந்த கண்ணில் கான்டாக்ட் லென்ஸா? இன்னும் உறுத்துமே!" என்றுதான் நமக்கும் தோன்றியது. சாதாரண லென்ஸைப் பொறுத்தவரை அது நியாயமான பயம். மென்மையான லென்ஸ் கருவிழி மேலேயே ஒட்டிக்கொண்டு, உள்ள ஈரத்தையும் உறிஞ்சும். ஸ்கிளீரல் லென்ஸ் கருவிழியைத் தொடுவதே இல்லை. கருவிழியின் குறுக்களவு சுமார் 11 முதல் 12 மில்லிமீட்டர். இந்த லென்ஸ் பெரும்பாலும் 15-லிருந்து 18 மில்லிமீட்டர் வரை, சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். முன்பு புழக்கத்தில் இருந்த எவர்சில்வர் பத்துக் காசு 16 மில்லிமீட்டர், நாலணா 19 மில்லிமீட்டர். அந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். கெட்டியான, ஆனால் பிராணவாயு ஊடுருவக் கூடிய பிளாஸ்டிக்கில் கிண்ணம் போலச் செய்திருக்கிறார்கள். அதன் விளிம்பு கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும். அந்த வெண்விழிக்கு உணர்ச்சி குறைவு. கருவிழிக்கோ உடம்பிலேயே மிக அதிகம். கிண்ணத்தில் உப்புநீரை நிரப்பி அப்படியே கண்ணில் வைப்பதால், கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு குளம் நிற்கிறது. நாள் பூராவும் கருவிழி தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. இமை கருவிழியில் உரசுவதில்லை, காற்றும் படுவதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1887 வாக்கில் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் கண்ணாடிக் கண் செய்துவந்த முல்லர் குடும்பத்தார், இமையை இழந்த ஒருவரின் கண் காயாமல் காக்க மெல்லிய கண்ணாடிக் கூடு ஊதிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஜூரிச் நகரில் அடால்ப் பிக் என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். அவர் கூட்டுக்குள் நிரப்பியது திராட்சைச் சர்க்கரைக் கரைசல்! கண்ணாடி வழியாகப் பிராணவாயு போகாது என்பதால் சில மணி நேரத்துக்கு மேல் போட முடியவில்லை. நூறு வருடம் கழித்து, 1980-களில் வாயு ஊடுருவும் பிளாஸ்டிக்கில் பெரிய லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான் இது நிலைத்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் பெர்ரி ரோசன்தால் உருவாக்கிய வகைக்கு 1994-ல் அந்த நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. சென்னை சங்கர நேத்ராலயாவிலும் ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையிலும் இவ்வகை லென்ஸ் பொருத்துகிறார்கள். வேறு பெரிய கண் ஆஸ்பத்திரிகள் சிலவற்றிலும் ஸ்கிளீரல் லென்ஸ் பொருத்தும் பிரிவு உண்டு.

பொருத்துவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் கொடுத்ததும் வாங்கி மாட்டிக்கொண்டு வருகிற மூக்குக்கண்ணாடி போல நினைத்துப் போகிறவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். தையற்காரரிடம் கோட்டுத் தைப்பது போல, போட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் அளவு பிடிக்கிறார்கள்.

அங்கே ஒரு பெட்டி நிறைய மாதிரி லென்ஸ்கள் இருக்கும். கண்ணின் வளைவுக்குத் தக்கபடி ஒன்றை எடுத்து, சின்ன ரப்பர் உறிஞ்சியின் தலையில் நிற்க வைத்து, விளிம்பு தட்டும்படி உப்புநீர் ஊற்றி, அதில் துளி மஞ்சள் சாயத்தையும் கலப்பார்கள். நோயாளி மேசை மேல் குனிந்து முகத்தைத் தரையைப் பார்க்க வைத்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்தால் தண்ணீர் கொட்டிவிடும். இமைகளை நன்றாக விரித்துப் பிடித்து, கிண்ணத்தைக் கீழிருந்து மேலாகக் கண்ணில் ஒற்றி எடுப்பார்கள். ஜில்லென்று இருக்கும், வலிக்காது. "அம்மா, ரெண்டு கண்ணையும் திறந்துக்கிட்டே தரையைப் பாருங்க, மூச்சை அடக்காதீங்க" என்று அங்கிருந்த பெண் திரும்பத் திரும்பச் சொன்னார். நம் துணைவியாருக்கு முதல் இரண்டு தடவை உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டது. குமிழி இருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். குமிழி நிற்கிற இடத்தில் கருவிழி காயும், பார்வையும் மறையும்.

சரியாக உட்கார்ந்தபின் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெளிச்சக் கீற்று ஒன்றைச் சாய்வாக விட்டால் லென்ஸ் ஒரு பட்டையாகவும், அதன் கீழே சாயம் கலந்த நீர் பச்சைப் பட்டையாகவும், அதற்கும் கீழே கருவிழியும் தெரியும். பச்சைப் பட்டையின் கனம்தான் கணக்கு. போட்டவுடன் ஏறக்குறைய 300 மைக்ரான் இருக்கும்படி எடுக்கிறார்கள். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூட்டைகளை அட்டி போட்டால் நாளாவட்டத்தில் அடங்குகிறதல்லவா? அதுபோல லென்ஸும் சில மணி நேரத்தில் வெண்விழியின் மேல்தோலில் அடங்கி 100 மைக்ரான் வரை இறங்கும். மீதி 200 மைக்ரான் என்பது சாதாரணத் தாள் இரண்டை ஒன்றாக வைத்த கனம். இதைவிட மிகவும் குறைந்தால் கருவிழியில் முட்டும். மிகவும் கூடினால் பிராணவாயு போய்ச் சேராது. ஆகவே மாதிரி லென்ஸைப் போட்டுவிட்டு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு மூன்று, நாலு மணி நேரம் கழித்து வந்து மறுபடி அளக்க வேண்டும். ஒரே நாளில் முடித்து ராத்திரி பஸ் பிடிக்கலாம் என்று போகாதீர்கள்.

அடுத்தது விளிம்பு. வெண்விழியில் ஓடும் சிவப்பு நரம்புகள் லென்ஸ் விளிம்புக்கு அடியில் வெளுத்துப் போனால் லென்ஸ் அழுத்துகிறது என்று அர்த்தம். கழற்றியபின் அந்த இடம் வளையமாகச் சிவந்து நோகும். விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தால் இமையில் தட்டும், காற்றும் புகும். வெண்விழி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருப்பதில்லை. பக்கத்துக்குப் பக்கம் மேடு பள்ளம் உண்டு. அதனால் விளிம்பை ஒரு பக்கம் தாழ்த்தி, ஒரு பக்கம் உயர்த்திச் செய்யும்படி தயாரிக்கும் கம்பெனிக்கு எழுதி அனுப்புகிறார்கள். பவரையும் அந்த லென்ஸிலேயே சேர்த்துக்கொள்ளலாம். படிக்க மட்டும் தனிக் கண்ணாடி தேவைப்படலாம். நம் துணைவியாருக்கு இடது கண் முதல் தடவையே அமைந்தது. வலது கண்ணுக்கு விளிம்பு மாற்றி இரண்டாவது லென்ஸ் வரவழைத்தார்கள். போக வர இரண்டு மாதம் ஆயிற்று.

லென்ஸ் சரியாக அமைந்துவிட்டது என்று உடனே கையில் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. தாமாகப் போட, கழற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். இங்கேதான் நமக்குச் சிக்கல் வந்தது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணியவருக்கு இமையை விரித்துப் பிடிக்கவும் தெம்பில்லை. உறிஞ்சியை நிறுத்தி வைக்கச் சின்ன ஸ்டாண்டு கிடைக்கிறது. அதில் லென்ஸை வைத்துவிட்டு இரண்டு கையாலும் இமையைப் பிடித்துக்கொண்டு குனியலாம். சிலருக்கு அது போதுகிறது. இவருக்குப் போதவில்லை. ஆகவே பயிற்சிக்கு நாமே உட்கார்ந்தோம். முட்டை ஓடு போன்ற சாமானைப் பெண்டாட்டி கண்ணுக்குள் வைப்பது என்றால் முதலில் கை நடுங்கத்தான் செய்தது. வீட்டில் மருமகளும் கற்றுக்கொண்டார். யாராவது ஒருவர் ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. லென்ஸ் வேண்டுமா என்று யோசிக்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன் தினமும் யார் போட்டுவிடப் போகிறார்கள் என்பதைக் குடும்பத்தில் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

கழற்றும்போது ஒரு நுணுக்கம் உண்டு. உறிஞ்சியை லென்ஸின் நடுவில் ஒட்டி இழுக்கக் கூடாது. கண்ணே கூட வருவது போல இழுக்கும். முதலில் ஒரு சொட்டு விட்டு, இமை வழியாக விளிம்பை லேசாக அழுத்தி உள்ளே காற்றுப் புகவிட்டு, பிறகு விளிம்போரத்தில் உறிஞ்சியை ஒட்டிச் சாய்த்து எடுக்க வேண்டும். ராத்திரி கட்டாயம் கழற்றிவிட வேண்டும். முதல் நாள் நாலு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் ஒன்றிரண்டு மணி கூட்டிக்கொண்டு போவது வழக்கம்.

தண்ணீர் விஷயத்தில் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளே ஊற்றுவது பதப்படுத்தும் மருந்து கலக்காத, கிருமி நீக்கிய உப்புநீர் மட்டுமே. ஏனென்றால் அது பன்னிரண்டு மணி நேரம் கருவிழியோடு அடைபட்டுக் கிடக்கும். குழாய்த் தண்ணீர், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், வீட்டில் உப்புப் போட்டுக் கரைத்தது எதுவும் ஆகாது. லென்ஸை அலசவும் ஆகாது. அகாந்தமீபா என்ற கிருமி சாதாரணத் தண்ணீரில் உண்டு. அது கருவிழியைப் பிடித்தால் மாதக்கணக்கில் வைத்தியம், சமயத்தில் கண்ணே போகும். உப்புநீர்க் குப்பியில் மீதி இருக்கிறதே என்று நாளைக்கு எடுத்து வைக்கும் பழக்கம் நம் வியாபாரிகளுக்கு ரத்தத்தில் ஊறியது. ஒரு தடவைக் குப்பியைப் பொறுத்தமட்டில் அதை விட்டுவிட வேண்டும். லென்ஸைச் சுத்தம் செய்யும் திரவமும் டாக்டர் சொன்னதாகவே இருக்கட்டும்.

வத்தல், மசாலாச் சரக்கு வியாபாரிகளுக்கு இன்னொன்று. மிளகாயின் காரம் எண்ணெய்ப் பசை உள்ளது, தண்ணீரில் கரையாது. வெறும் தண்ணீரில் கை கழுவினால் விரலில் அப்படியே இருக்கும். நாம் காலை ஐந்தரைக்கு, மண்டிக்குப் போவதற்கு முன்பே லென்ஸைப் போட்டுவிடுகிறோம். ராத்திரி கழற்றும்போது முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு வாசனை, கிரீம் இல்லாத சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போக இரண்டு தடவை கழுவி, பஞ்சு உதிராத துணியில் துடைத்துக்கொண்டுதான் தொடுகிறோம். நிறையச் சரக்குக் கிளறிய நாளில் மருமகள்தான் கழற்றுவார்.

நன்மை என்ன என்று கேட்பீர்கள். போட்ட முதல் நாளே ஜன்னல் திறந்தாயிற்று. மூன்றாம் மாதம் சாயம் விட்டுப் பார்த்ததில் பச்சைப் புள்ளிகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. இப்போது பேரேடு மறுபடி அவர் கையில் இருக்கிறது. நாம் எழுதி வைத்திருந்த பக்கங்களில் கூட்டல் தவறு கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் வியாதி தீர்ந்துவிடவில்லை. லென்ஸைக் கழற்றினால் ராத்திரி உலர்வுதான். களிம்பு போட்டுப் படுக்க வேண்டும். முடக்குவாத மாத்திரையும் நிற்கவில்லை. வாய் வறட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தொந்தரவும் இல்லாமல் இல்லை. பலருக்கு மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு, பனி மூடினாற்போல மங்கும். உள்ளே இருக்கும் நீரில் கண்ணின் கசடு சேர்வதுதான் காரணம். கழற்றி, புது நீர் நிரப்பிப் போட்டால் தெளியும். இவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அப்படி ஆகிறது. காய்ந்த கண்ணில் லென்ஸின் மேற்புறமும் சீக்கிரம் வறண்டு அழுக்குப் பிடிக்கும். அதற்காக வழவழப்பான மேற்பூச்சுப் போட்ட லென்ஸ்கள் வருகின்றன. லென்ஸைப் போட்டிருக்கும்போது கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, கழற்றிய பின்னும் மங்கல் போகாவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கடையை மருமகன் பார்த்துக்கொள்வார். கருவிழியின் உள்பக்கத்துச் செல்கள் குறைந்தவர்கள், கருவிழி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் விஷயத்தில் டாக்டர்கள் மிகவும் யோசித்தே முடிவு செய்கிறார்கள்.

விலை இடத்துக்கு இடம், வகைக்கு வகை மாறும். ஒரு கண்ணுக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புநீர், சுத்தம் செய்யும் திரவம், உறிஞ்சி இவற்றுக்கு மாதச் செலவு தனி. லென்ஸும் நிரந்தரம் அல்ல. ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் மாற்ற வேண்டி வரலாம். ஆர்டர் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: அளவு சரியாக வரும்வரை மாற்றிச் செய்து தருவது இந்த விலைக்குள் அடக்கமா, எத்தனை தடவை, எத்தனை நாளுக்குள்? பொருந்தவே இல்லையென்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? திரும்பப் பார்க்க வரும்போது பீஸ் உண்டா? இவற்றைப் பில்லிலோ சீட்டிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் பக்கத்து நகரம் ஒன்றில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர், உலர்வுக்கு இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று சொல்லிச் சாதாரண மென் லென்ஸைக் காட்டினார். கருவிழியைத் தொடாமல் வெண்விழியில் உட்காரும் பெரிய லென்ஸா, உப்புநீர் நிரப்பிப் போடுவதா என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும், சரக்கு எதுவென்று தெரிந்துவிடும்.

பொருத்திய பிறகு ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று பார்க்கச் சொல்கிறார்கள். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. கண் காய்ந்தவர்கள் போகும் அன்று காலையிலும் லென்ஸைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். நாலு மணி நேரமாவது போட்டிருந்த நிலையில் பார்த்தால்தான் அடங்கிய அளவு அவர்களுக்குத் தெரியும். உப்புநீர்க் குப்பி எல்லா ஊர் மருந்துக்கடையிலும் இருப்பு இருப்பதில்லை. தீபாவளி, பொங்கல் சமயத்தில் வரத்து தாமதமாகும். ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே, காலாவதித் தேதி பார்த்து வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.